சனிக்கிழமையைத் தாண்டிய கணக்கு

எங்கள் முதலாளி ராஜகுமார் எழுதிய புரோகிராமில் சனிக்கிழமை ராத்திரி என்பதே கிடையாது. மற்ற கிழமையெல்லாம் ஒழுங்காக உண்டு. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வரும், அங்கிருந்து ஒரே தாவலாகத் தாவி ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கிவிடும். இதைச் சொன்னதற்குத்தான் எனக்கு வேலை போனது. போகட்டும், நான் ஒன்றும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஆனால் அப்பனை எதிர்த்து நின்ற பிள்ளை என்று ஒரு கூட்டம், சோறு போட்ட கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவள் என்று இன்னொரு கூட்டம், ஆள் ஆளுக்கு வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லட்சுமிப்ரியா. ஊர் நல்லமங்கலம். எங்கள் வாய்க்காலில் கடைசிக்கு முந்தின ஊர் அது. எங்களுக்குக் கீழே கடம்பன்குளம், அதோடு வாய்க்கால் முடிந்தது. எங்கள் ஷட்டர் திறந்து கிடந்தால் தண்ணீரில் முக்காலும் எங்கள் வயலுக்குத் திரும்பிவிடும். மிச்சம் கசிந்து போவதை வழியிலேயே மண் குடித்துவிடும். அதற்காகத்தான் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் ஷட்டரை அடைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திறக்க வேண்டும். அந்த ஒரு ராத்திரி வாய்க்கால் முழுசும் கடம்பன்குளத்துக்கு. அங்கே பாதிக்கு மேல் சபைக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். சனி ராத்திரியே வயலை நிரப்பிவிட்டால் காலையில் நிம்மதியாகக் கோயிலுக்குப் போகலாம் என்று யாரோ இரண்டு ஊரையும் உட்காரவைத்துப் பேசி முடித்த ஏற்பாடு. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் எங்கேயும் இல்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் ஷட்டர் அடையும்.

நான் வேலை பார்த்தது நாகர்கோவிலில், செட்டிகுளம் பக்கம் ஒரு மாடியில். தண்ணீர் ஓடுகிற கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிற சின்ன கம்பெனி. இந்த வருஷம் பாசனத் துறையிலிருந்து எங்கள் வாய்க்காலே வேலையாக வந்தது. தண்ணீர் உண்மையில் எந்த எந்த ஊர் வரைக்கும் போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். போகாத ஊரை ஆயக்கட்டிலிருந்து, அதாவது பாசன உரிமை உள்ள நிலத்துக் கணக்கிலிருந்து, எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அப்புறம் அந்த ஊருக்காக யாரும் எந்த ஷட்டரையும் அடைக்க வேண்டியதில்லை.

வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளக்க நான்தான் போனேன். கடம்பன்குளத்து முனையில் ஒரு கல்படி குறுக்கே கிடக்கிறது. அந்தப் படியை ஏறித் தாண்டினால்தான் தண்ணீர் அவர்கள் வயலுக்குள் போகும். அந்த உயரத்தை அளந்துகொண்டிருந்தபோதுதான் ராகேல் அக்காவைப் பார்த்தேன். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து நெல் போடுகிறவள், வாய் என்றால் வாய், பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். தண்ணீருக்கு அவள் பேச்சில் வெள்ளம் என்று பெயர்.

"ஏ பிள்ளே, டேப்பை வச்சு என்னத்த அளக்கிய? வெள்ளம் வருமா வராதான்னா?"

"ஆமாக்கா."

"வராமலா இந்த நெல்லு நிக்குது? நான் என்ன, குடத்துல கோரியா ஊத்துகேன்?" என்று வயலைக் காட்டினாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. வரப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. "நல்லா எழுதிக்கோ மக்கா. நெலத்துக்காரன் எப்ப ஆயக்கட்டு போகும், எப்ப கல்லு நாட்டி பிளாட் போடலாம்னு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கான். அது போச்சுன்னா நானும் போச்சு. எனக்கு வேற தொழில் அறியாது, படிக்கவும் மனசில்ல."

நான் எழுதிக்கொண்டு வந்தேன். ஷட்டர் நேரம், படி உயரம், மண் குடிக்கிற அளவு எல்லாவற்றையும் புரோகிராமுக்குள் கொடுத்தேன். ஓட்டினோம். கடம்பன்குளத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை என்று வந்தது.

வரப்பு மட்டத்துக்கு நின்ற தண்ணீரை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், இது சொட்டு இல்லை என்கிறது! முதலில் என் டைப்பிங்கில்தான் தப்பு என்று நினைத்தேன். வரி வரியாகப் பார்த்தேன். ஷட்டர் நேரம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் புரோகிராம் எந்த எந்த நேரத்தில் கணக்கைப் பார்த்தது என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். விளங்கிவிட்டது.

இந்த மாதிரிக் கணக்கில் காலத்தில் எட்டு வைத்து, அடி அடியாக நடக்க வேண்டும். இப்போது தண்ணீர் இவ்வளவு, இன்ன வேகத்தில் மாறுகிறது, அப்படியானால் கொஞ்சம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று ஒரு எட்டு வைக்கும். அங்கே நின்று மறுபடி பார்க்கும், மறுபடி ஒரு எட்டு. தண்ணீர் அலைபாய்ந்தால் சின்ன எட்டு. ஒன்றும் அசையாமல் கிடந்தால், சரி, இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று எட்டை நீட்டிக்கொண்டே போகும். அது புத்திசாலித்தனம்தான், இல்லையென்றால் ஒரு கணக்கு முடிய நாள் முழுக்க ஆகும். ஆனால் வாரம் பூரா வாய்க்கால் அசையாமல் கிடக்கிறது. சனிக்கிழமை வருவதற்குள் இதற்கு எட்டு நீண்டு, தாவலாகிவிடுகிறது. மத்தியானம் கால் எடுத்து வைத்தால் ஞாயிறு காலையில் கால் ஊன்றும். இந்தப் பக்கம் பார்த்தாலும் ஷட்டர் திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் பார்த்தாலும் திறந்திருக்கிறது. நடுவில் அடைத்தது அதற்குத் தெரியவே தெரியாது. ரயிலில் குழித்துறையில் கண் அசந்து நாகர்கோவிலில் முழிக்கிறவனிடம் இரணியலில் யார் ஏறினார்கள் என்று கேட்டால் என்ன சொல்லுவான்? யாரும் ஏறலையே என்றுதான் சொல்லுவான்.

ராஜகுமாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மோசமான ஆள் இல்லை. படித்தவர், அந்தப் புரோகிராமை ஒவ்வொரு வரியாகத் தன் கையால் எழுதியவர். அதனால்தான் வினை. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வார், புரோகிராமைச் சொன்னால் முகம் சுண்டிவிடும்.

"ஷட்டர் டப்புன்னு அடையுது, டப்புன்னு தெறக்குது. இந்த மாதிரித் தாவுற விஷயம் எந்தக் கணக்குக்கும் ஆகாது பிரியா," என்றார். "அதை நைசாக்கிரு. அந்த ஒரு ராத்திரி அடைப்பை வாரம் பூராவும் பரத்தி விடு. எப்பவும் கொஞ்சம் அடைச்சிருக்கிற மாதிரி. மொத்தத் தண்ணி ஒண்ணுதானே?"

"மொத்தம் ஒண்ணுதான் சார். ஆனா படி ஏறாதே."

"ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். ஏறவில்லை. எப்படி ஏறும்? ஒரு வாளித் தண்ணீரை வாசலில் ஒரேயடியாகக் கொட்டினால் படியைத் தாண்டி வீட்டுக்குள் வரும். அதே வாளியை ஒரு வாரத்துக்குச் சொட்டுச் சொட்டாக விட்டால் வாசல் மண் நனைவதோடு சரி. ராஜகுமார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? ரெண்டு வழியில போட்டாச்சு. ரெண்டும் ஒரே விடை. பெறவு என்ன?"

"ரெண்டு கள்ளனும் ஒரே மாதிரி சாட்சி சொன்னா ஒத்துக்கிடுவியளா சார்?"

"ரொம்ப எமோஷனல் ஆகாத. ரிப்போர்ட் அனுப்பியாச்சு."

எமோஷனலாம்! எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆம்பிளை கத்தினால் கோபம், நான் கணக்கைக் காட்டினால் எமோஷனல்.

என் சீட்டில் போய் உட்கார்ந்து, செய்ய வேண்டியதைச் செய்தேன். ஷட்டர் அடைக்கிற நேரமும் திறக்கிற நேரமும் நமக்கு முன்னாலேயே தெரியும். அந்த நேரத்துக்கு நேராக வந்து நில், தாண்டாதே என்று புரோகிராமுக்குச் சொன்னேன். நின்றதும், அதுவரை ஓடிய ஓட்டத்தை மறந்துவிடு என்றேன். ஷட்டர் அடைத்த பிறகு அது வேறு வாய்க்கால், பழைய ஓட்டத்தை வைத்து அதை ஊகிக்கக் கூடாது. புதுசாகச் சின்ன எட்டிலிருந்து தொடங்கு. தண்ணீர் படி ஏறுகிற நேரம் மட்டும் முன்கூட்டித் தெரியாது, அதைத் தேட வேண்டும். இந்த எட்டில் படிக்குக் கீழே நிற்கிறது, அடுத்த எட்டில் மேலே நிற்கிறது என்றால் நடுவில் பார், அதற்கும் நடுவில் பார் என்று நெருக்கிக்கொண்டே போய்ப் பிடிக்க வேண்டும். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. உலகம் பூரா இப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் மாடியில் மட்டும்தான் செய்யவில்லை.

ஓட்டினேன். ராத்திரி எட்டு மணிவாக்கில் கடம்பன்குளத்துப் படியில் தண்ணீர் ஏறியது. விடிகிற வரைக்கும் பாய்ந்தது. ஸ்கிரீனைப் பார்த்து "ஏறுலே ஏறு" என்று நான் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

ராஜகுமாருக்குக் காட்டினேன். தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற கோட்டைப் பார்த்தார். "இங்க ஒரு மூலை இருக்கு. இங்க ஒரு மூலை. ஒடிஞ்ச மாதிரி இருக்கு. இதைக் கொண்டுபோய் விவசாயிகள் கூட்டத்துல காட்டினா, இது என்ன உங்க கணக்கு ஒடிஞ்சு கிடக்குன்னு கேப்பாங்க."

"ஷட்டரை அடைச்சா மூலைதான் சார் வரும். வளைஞ்சு வளைஞ்சா அடைப்பாவ?"

"இது வெளிய போகாது. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தால் அங்கே திருவிழா. என் அப்பா வள்ளிநாயகம்தான் நல்லமங்கலம் விவசாயிகள் சங்கத் தலைவர். ஷட்டர் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை, ஷட்டரைத் திருகுகிற ஆளுயர இரும்புக் கம்பி. ரிப்போர்ட் விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"உங்க கம்பெனி நல்ல காரியம் செஞ்சிருக்கு பிள்ளே," என்றார். என்னைப் பற்றி அவர் சந்தோஷமாகப் பேசி எத்தனையோ காலம் ஆயிற்று.

"அப்பா, அது தப்புக் கணக்கு. சனிக்கிழம அடைக்கிறதை அது பாக்கவே இல்ல."

"பாக்காட்டா என்ன? நம்ம வயலும் வெடிச்சுத்தான் கெடக்கு. கும்பப்பூப் போகத்து நெல்லு கதிர் வாங்குற நேரம். வாரத்துக்கு ஒரு ராத்திரித் தண்ணி கூடக் கெடச்சா பொழச்சுக்கிடும்."

"அப்ப ராகேல் அக்கா நெல்லு?"

"அது யாரு ராகேலு?" என்றவர் குரலைத் தூக்கினார். "ஏட்டி, நீ தின்னுத சோறு எந்த வயல் நெல்லு?"

"நம்ம வயல் நெல்லுதான். அதுக்காகப் பொய்க் கணக்கு எழுதணுமா? தண்ணி வேணும்னா கூட்டத்துல எந்திரிச்சு, எங்களுக்குத் தண்ணி பத்தல, அவியளுக்குக் குடுக்க மாட்டோம்னு நேரா சொல்லுங்க. என் கணக்குக்குப் பொறத்தால ஒளியாதீங்க."

அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. எங்கள் வயல் வெடித்துக் கிடப்பது பொய்யில்லை. ஆனால் இல்லாதவனுக்குக் கொடுக்க முடியவில்லை என்பது ஒன்று, அவனுக்கு ஒருநாளும் தண்ணீர் போனதே இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேறொன்று. அதுவும் என் கையால்.

வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் பாசன அதிகாரி, பக்கத்தில் ராஜகுமார். இந்தப் பக்க நாற்காலிகளில் எங்கள் ஊர், அந்தப் பக்கம் கடம்பன்குளம். முன்வரிசையில் ராகேல் அக்கா சண்டைக்கு வந்தவள் மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் படம் காட்டுகிற லேப்டாப் என் கையில்.

ராஜகுமார் அழகாகப் பேசினார். வழவழவென்று ஒரு கோடு காட்டினார். அது கடம்பன்குளத்துப் படிக்குக் கீழேயே போய்ப் படுத்திருந்தது. "இரண்டு விதமாகக் கணக்கிட்டோம். இரண்டிலும் தண்ணீர் சென்று சேரவில்லை," என்றார்.

"சேரலியா?" ராகேல் அக்கா எழுந்துவிட்டாள். "அப்ப என் வயல்ல நிக்கது என்ன, உம்ம வீட்டுக் கஞ்சித் தண்ணியா?"

மண்டபமே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்களும்தான் சிரித்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் நான் என் கணக்கைத் திரையில் போட்டுவிட்டேன். ராஜகுமார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமி!

"இது என்ன?" என்றார் அதிகாரி.

எழுந்து நின்றேன். "சார் காட்டின கணக்கு ரெண்டும் சனிக்கிழமையப் பாக்கலங்க. ஒண்ணு தாண்டிப் போயிட்டு. இன்னொண்ணு அதை வாரம் பூரா கரைச்சு விட்டுட்டு. நான் ஷட்டர் அடைக்கிற நேரத்துல நின்னு பாத்திருக்கேன். ராத்திரி எட்டு மணிக்குப் படி ஏறுது."

"இந்தக் கோடு ஏன் இப்படி ஒடிஞ்சிருக்கு?"

"அங்கதான் எங்க அப்பா ஷட்டரை அடைக்காவ."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "நீங்க சனிக்கிழமை அடைக்கிறது உண்டா?"

அப்பா எழுந்தார். அவர் பொய் சொல்லப் பழகாத மனுஷன், அது எனக்குத் தெரியும். வேட்டியை இறுக்கிக் கட்டினார், தொண்டையைச் செருமினார். "இதுவரைக்கும் அடைச்சோம். அது எங்க பெருந்தன்மை. இனிமே அடைக்கதா இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலிகள் சரிந்தன. ஒரே கூச்சல். ராகேல் அக்கா கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அந்த வாய் அடைத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான், பார்க்கப் பொறுக்கவில்லை.

அதிகாரி நேர்மையானவர். கூச்சல் அடங்கியதும் சொன்னார்: "இந்தச் சனிக்கிழமை நான் கடம்பன்குளம் படியில வந்து நிப்பேன். தண்ணி ஏறினா ஆயக்கட்டு அப்படியே இருக்கும். ஏறலேன்னா எடுக்கச் சொல்லி எழுதுவேன். ஷட்டரை அடைக்கச் சொல்லி நான் உத்தரவு போட முடியாது. அது உங்க ரெண்டு ஊர் ஏற்பாடு."

மண்டபத்து வாசலிலேயே ராஜகுமார் எனக்குக் கணக்கு முடித்தார். "நாளையில இருந்து வராண்டாம்."

"வரல சார். ஆனா சனிக்கிழம நீங்க படிப் பக்கம் வாங்க. உங்க புரோகிராம் தாண்டிப் போன எடத்தை ஒருதடவை நின்னு பாருங்க."

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே அப்பா ஷட்டர் மேடையில் போய் உட்கார்ந்துகொண்டார். தாணு அண்ணனும் இன்னும் சங்கத்து ஆட்கள் சிலரும் கூட. தாணு அண்ணன் எங்களுக்கு அடுத்த வயல்காரர், அப்பாவைவிட நாலு மடங்கு ஆவேசம். யாரும் அடைக்க வராமல் பார்த்துக்கொள்ளக் காவலாம். சாவி மட்டும் வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் எப்போதும் போலச் சாய்ந்து நின்றது. வீட்டிலிருந்தே ஒருத்தி தூக்கிக்கொண்டு வருவாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் கம்பியில் கை வைத்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அழகியநாயகி என்று பெயர், வீட்டில் அப்பா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"கனமாக்கும். ரெண்டு கையால தூக்கு," என்றாள். சட்டியில் தாளிப்பதற்குத் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் கம்பியைக் குறுக்கே வைத்துக்கொண்டு நான் போனதை ஊரே பார்த்தது. ஷட்டர் மேடையில் ஏறும்போது வீடுகளில் விளக்கு வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எதுக்குட்டி இதைத் தூக்கிட்டு வந்த?" அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நேரமாச்சுல்லா. அடைக்கணும்."

"கையை வைக்காத பிரியா. சொல்லிட்டேன்."

"வச்சா என்ன செய்விய? அடிப்பியளா? அடிங்க. அடிச்சு முடிச்சதும் அடைக்கேன்."

தாணு அண்ணன் குறுக்கே வந்தார். "பொட்டப்பிள்ளைக்கு இது திருகாது. பேசாம வீட்டுக்குப் போ மக்கா."

"திருகாட்டா உங்களுக்கு என்ன பயம்? தள்ளி நில்லுங்க அண்ணே."

அவர் என் மேல் கை வைக்க முடியாது, அப்பா முன்னால். அப்பாவும் வைக்கவில்லை. இரண்டு பேரும் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தினார்கள். நானும் விடவில்லை, வார்த்தைக்கு வார்த்தை கொடுத்தேன். ஊர் கூடிவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே கம்பியைச் செருகித் திருகத் தொடங்கினேன். துருப்பிடித்த சனியன், முதல் சுற்றுக்கு அசையவே இல்லை. யாரோ சிரித்தார்கள். காலை மேடையில் உதைத்துக்கொண்டு முழு உடம்பையும் கொடுத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். இறங்கியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. பலகை அடியில் போய் முட்டியதும் எங்கள் பக்க வாய்க்காலில் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் தண்ணீர் திரண்டு ஏறிக் கீழ்முகமாகப் போயிற்று.

அப்பா எழுந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. "நான் இப்பவே தெறப்பேன்."

கம்பியை உருவி அவரிடம் நீட்டினேன். "தெறங்க."

அவர் வாங்கினார்.

"ஆனா ஒண்ணு யோசிச்சுக்கிடுங்கப்பா. அடைக்காம விட்டிருந்தியன்னா அது மறதின்னு சொல்லலாம், கோவம்னு சொல்லலாம். அடைச்சதைச் சனிக்கிழம ராத்திரி தெறந்தா அதுக்குப் பேரு களவு. நல்லமங்கலத்துல இதுவரை ஒருத்தனும் அதைச் செஞ்சதில்ல. வள்ளிநாயகம்தான் முதல்ல செஞ்சாருன்னு ஊரு சொல்லட்டும். நான் தடுக்க மாட்டேன்."

தள்ளி நின்றுகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்பா கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாணு அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "உமக்கு என்ன வே, மகள்னா கை வராது. இங்க தாரும், நான் தெறக்கேன்," என்று கம்பியைப் பிடித்து இழுத்தார்.

அப்பா விடவில்லை. "எலே தாணு," என்றார். "இன்னைக்குச் சனிக்கிழம."

"கூட்டத்துல அடைக்க மாட்டோம்னு சொன்னது நீருதானே?"

"அடைக்க மாட்டோம்னுதான் சொன்னேன். தெறப்போம்னு சொல்லல." கம்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடைச்சாச்சு. இனி விடியாம எவன் கையை வச்சாலும் நான் பொல்லாதவன்."

தாணு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனார். கூட்டம் மெல்லக் கலைந்தது. நான் மேடைக் கட்டையில் உட்கார்ந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. எட்டு மணி ஆயிற்று. ராகேல் அக்காவிடமிருந்து போன் வரவில்லை. எட்டேகாலும் ஆயிற்று. கடம்பன்குளம் படியில் அதிகாரி நிற்கிறார், கிளம்பிவிட்டாரோ என்னவோ. என் கணக்கில்தான் எங்கேயோ ஓட்டையோ என்று சந்தேகம் வந்தது. இங்கே நாங்கள் சண்டை போட்டுக் கடத்திய நேரத்தை நான் கூட்ட மறந்துவிட்டேன் என்று உறைத்த நிமிஷம் போன் அடித்தது.

ராகேல் அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கர் வேண்டியதே இல்லை. "பிள்ளே, ஏறிட்டு! வெள்ளம் படி ஏறிட்டு! ஆபீசர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் பேப்பர்ல எழுதுகாரு. உங்க மொதலாளி ஷூவோட நின்னாரு, இப்ப ஷூ ரெண்டும் கையில!" பின்னால் அந்த ஊரே கூவியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

போனை வைத்ததும் அப்பா பேசினார். அன்றைக்கு முழுக்க என்னோடு சண்டை இல்லாமல் பேசியது அதுதான். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"விடியக்காலம் நான் வந்து தெறப்பேன். என் தண்ணி எனக்கு வேணும்."

"வாங்க," என்றேன். "விடிஞ்சப் பெறவு வந்தா நானே தெறந்து தாறேன். அதுக்கு ஒரு நிமிஷம் முந்தி வந்தாலும் நான் இங்கதான் நிப்பேன்."